கடைக் கம்ப்யூட்டரில் பெயர் தெரியாத ப்ரோகிராம்: வைரஸா, வேலைக்கானதா?

கேள்வி இதுதான். தங்கச்சிமடத்தில் ஒரு கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் கைரேகை வேலை எல்லாம் நடக்கிறது. விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எஸ்விசிஹோஸ்ட் என்று ஐம்பது அறுபது வரிசையாக நிற்கின்றன. ஆட்டோஇட் என்று ஒன்று, ஆர்டி சர்வீஸ் என்று இன்னொன்று. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவைச் செருகினால் உள்ளே இருந்த ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. இதில் எது வைரஸ், எதை அழிக்கலாம்?

சுருக்கமான பதில்: எஸ்விசிஹோஸ்ட் அநேகமாக விண்டோஸுடையது, அதன் சர்வீஸ்களை (பின்னணி வேலைகளை) ஓட்டுவது. ஆர்டி சர்வீஸ் கைரேகைக் கருவிக்கானது, அதை அழித்தால் நாளைக் காலை கைரேகை எடுக்க முடியாது. ஆட்டோஇட்தான் இடிக்கிறது, பென்டிரைவ் ஷார்ட்கட்டோடு சேர்த்துப் பார்த்தால் அதன்மேல் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வைரஸ் எழுதுகிறவன் தன் ஃபைலுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைப்பான். கூகுளில் பெயரைத் தேடினால் வரும் பாதிப் பக்கங்கள் "இது ஆபத்து, இந்த கிளீனரை இறக்குங்கள்" என்று சொல்லி அந்த கிளீனரை விற்பதற்காகவே எழுதப்பட்டவை. பெயரை விட்டுவிட்டு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, யார் கிளப்பிவிட்டது, யார் கையெழுத்துப் போட்டது, மெஷின் அணைத்துப் போட்டாலும் எப்படித் திரும்ப வருகிறது, வெளியே யாரோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். பொதுவாக இதில் எந்த ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது. இரண்டு மூன்று ஒரே பக்கம் கைகாட்டினால்தான் முடிவு.

முதலில் எதையும் அழிக்காதீர்கள். 'எண்ட் டாஸ்க்' அழுத்தத்தான் கை பரபரக்கும். அழுத்தினால், எந்த ஃபைல், என்ன கட்டளையோடு ஓடியது என்ற தடயம் அதோடு போய்விடும். தவிர, இந்த வகை ப்ரோகிராம்கள் பலநேரம் ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அடுத்த நொடியே அதைத் திரும்பக் கிளப்பிவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர், ஆட்டோரன்ஸ் இரண்டையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கியது சிஸ்இன்டர்னல்ஸ். 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. இரண்டும் இலவசம், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. இறக்கிய பிறகு நெட்டைத் துண்டியுங்கள். பார்த்து முடிக்கும்வரை அந்த மெஷினில் பேங்க் லாகின், ஆதார் எதுவும் வேண்டாம்.

இனி இடம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். முதல் பக்கத்தில் தெரிவது அலங்காரப் பெயர். அதை நம்ப வேண்டாம். 'டீடெயில்ஸ்' பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' எடுத்து, 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் டிக் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு வரியிலும் ஃபைலின் முழு முகவரியும் அது ஓடும் கட்டளையும் தெரியும். இந்த இரண்டு காலம்கள் (நெடுவரிசைகள்) பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

நிஜமான எஸ்விசிஹோஸ்ட் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் இருக்கும். சில நேரம் சிஸ்வாவ்64-இல். கமாண்ட் லைனில் கோடு போட்டு 'கே' என்ற எழுத்தும் அதன்பின் ஒரு சர்வீஸ் குழுவின் பெயரும் இருக்கும். ஐம்பது அறுபது இருப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள மெஷின்களில் சர்வீஸ்களைத் தனித்தனி எஸ்விசிஹோஸ்டாகப் பிரித்து ஓட்டுகிறார்கள். ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதே பெயரில் ஒன்று யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டாவிலோ டெம்ப்பிலோ, சி டிரைவின் ப்ரோகிராம்டேட்டா ஃபோல்டரிலோ உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு விசாரணையே வேண்டாம், அது போலி.

எழுத்தையும் உற்றுப் பாருங்கள். வி-யும் சி-யும் இடம் மாறியிருக்கும், ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் இருக்கும், எல்சாஸ் என்ற விண்டோஸ் ப்ராசஸின் பெயரில் சின்ன எல் வர வேண்டிய இடத்தில் பெரிய ஐ நிற்கும். திரையில் இரண்டும் ஒரே குச்சிதான். நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவைக் கன்சோலாஸுக்கு மாற்றினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆனால் ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் வைரஸ் என்று கிளம்பிவிடவும் கூடாது. ஜூம், டிஸ்கார்ட் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஒன்டிரைவையும் அங்கே பார்க்கலாம். அட்மின் பாஸ்வேர்ட் கேட்காமல் இன்ஸ்டால் ஆக அதுதான் வசதி. வைரஸுக்கும் அதே காரணத்தால்தான் அந்த இடம் பிடிக்கிறது.

ஆட்டோஇட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஆட்டோஇட் ஒரு நேர்மையான ப்ரோகிராம்; மவுஸ், கீபோர்டு வேலைகளைத் தானாகச் செய்யவைக்க எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டுவது. அந்த ஃபைலை எடுத்து எத்தனை ஆன்டிவைரஸில் போட்டாலும் பெரும்பாலும் சுத்தம் என்றுதான் வரும். சரியான கையொப்பம்கூட இருக்கும். விஷம் அதில் இல்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட ஸ்கிரிப்டில் இருக்கிறது. கமாண்ட் லைன் காலத்தில் ஆட்டோஇட்டின் முகவரிக்குப் பிறகு இன்னொரு ஃபைலின் முகவரி வரும். அது எங்கே இருக்கிறது, என்ன பெயர், எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். ஆப்டேட்டாவுக்குள் அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாய் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆட்டோஇட்டின் ஒரு பிரதி, பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட், இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்திறங்கியவை என்றால் யாரும் வேலைக்காக வைத்தது இல்லை. கடையில் ஆட்டோஇட்டைத் தெரிந்து இன்ஸ்டால் செய்தவர் யாருமே இல்லை என்றால் சந்தேகம் இரட்டிப்பு.

மற்ற ஃபைல்களில் உள்ள கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்எச்டிஏ, ரன்டிஎல்எல்32, பவர்ஷெல் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். இவை மைக்ரோசாஃப்டின் சொந்தப் பிள்ளைகள்; வைரஸ்காரன் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறான். ரன்டிஎல்எல்32 சிஸ்டம்32-இல் உள்ள ஒரு டிஎல்எல்லை ஓட்டுவது அன்றாட வேலை. ஆப்டேட்டாவிலோ பென்டிரைவிலோ உள்ள ஒன்றை ஓட்டினால் விசாரிக்க வேண்டும். பவர்ஷெல் கட்டளையில் 'என்கோடட் கமாண்ட்' என்று போட்டு அதன்பின் நீளமாகக் குப்பை எழுத்து வந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தோண்டுங்கள்.

யார் கிளப்பியது என்பதற்கு ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர். அட்மினாகத் திறந்தால் தாய், பிள்ளை வரிசையாக மரம்போல் காட்டும். நிஜ எஸ்விசிஹோஸ்ட் சர்வீசஸ் என்ற ப்ராசஸுக்குக் கீழே தொங்கும். வேர்டு அல்லது எக்செலுக்குக் கீழே பவர்ஷெல் தொங்கினால், யாரோ மேக்ரோ (உள்ளே மறைந்து ஓடும் கட்டளை) உள்ள ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். அநேகமாக விண்ணப்பப் படிவம் என்று சொல்லி ஈமெயிலில் வந்ததாக இருக்கும்.

அடுத்து கையொப்பம். ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' பக்கம். பெயரைத் தேர்ந்தெடுத்து 'டீடெயில்ஸ்' அழுத்தினால் கையொப்பம் சரி என்று ஒரு வரி வரவேண்டும். பெயர் இருந்தால் போதாது, அந்த வரி வேண்டும். அந்தப் பக்கமே இல்லாத ஃபைலெல்லாம் போலி என்று நினைப்பதும் தவறு: விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றின் கையொப்பம் ஃபைலுக்குள் இருக்காது, தனியாக ஒரு கேட்டலாக் ஃபைலில் இருக்கும். பவர்ஷெல்லில் கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் என்ற கட்டளையோடு ஃபைல் முகவரியைக் கொடுத்தால் அதையும் சேர்த்துப் பார்த்து 'வேலிட்', 'நாட்சைன்ட்', 'ஹேஷ்மிஸ்மேட்ச்' என்று சொல்லும். மூன்றாவது வந்தால், கையொப்பம் போட்ட பிறகு யாரோ ஃபைலில் கைவைத்திருக்கிறார்கள்.

கையொப்பம் செல்லும் என்பதால் ப்ரோகிராம் நல்லது என்றும் ஆகாது. மீன் பெட்டியில் கம்பெனி முத்திரை இருந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும், உள்ளே இருப்பது கெட்டதா என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ், ரியல்டெக் நிறுவனத்தின் திருடப்பட்ட சான்றிதழில் கையெழுத்துப் போட்டு வந்தது. 2017-இல், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் ப்ரோகிராமான சிகிளீனரின் 5.33 பதிப்பு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே, சரியான கையொப்பத்தோடு வைரஸைச் சுமந்துகொண்டு போனது. இவை அபூர்வம்தான். நம் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கம்: கையொப்பமே இல்லாமல், மைக்ரோசாஃப்ட் என்று பெயர் மட்டும் எழுதிக்கொண்டு நிற்கும் ஃபைல். ப்ராப்பர்டீஸில் 'கம்பெனி' என்ற இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். மைக்ரோசாஃப்ட் என்று சொல்லிக்கொண்டு கையொப்பம் 'நாட்சைன்ட்' என்று வந்தால் அது பொய் சொல்கிறது.

இது எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு ஆட்டோரன்ஸைவிட நல்ல கருவி இல்லை. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கம் காட்டுவது கொஞ்சம்தான். ரெஜிஸ்ட்ரியின் ரன் கீ, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஷெட்யூல்ட் டாஸ்க், சர்வீஸ், டிரைவர், டபிள்யூஎம்ஐ என்று ஒளிய நிறைய இடம் இருக்கிறது. ஆட்டோரன்ஸை அட்மினாகத் திறந்து, ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போடுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'வெரிஃபை கோட் சிக்னேச்சர்ஸ்' போடுங்கள். நூற்றுக்கணக்கான வரி சில டஜனாகச் சுருங்கும். இளஞ்சிவப்பில் தெரிவது கையொப்பம் இல்லாதது அல்லது பொருந்தாதது. மஞ்சள், ஃபைலே இல்லாத வெறும் பதிவு. ஒரு எச்சரிக்கை: மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கும்போது, டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 வழியாக ஓடும் வைரஸ் வரியும் சிலநேரம் அவற்றோடு மறைந்துவிடும். எதுவும் சிக்கவில்லை என்றால் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஷெட்யூல்ட் டாஸ்க்ஸ் பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் பாருங்கள். சந்தேகமான வரியில் டிக்கை எடுத்தால் போதும், டிலீட் வேண்டாம். தவறாகிவிட்டால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

ஆன்டிவைரஸ் சுத்தம் செய்த மறுநாள் "ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணவில்லை" என்று ஒரு பெட்டி வந்து பலரைக் கலங்கடிக்கும். அநேகமாக வைரஸ் போய்விட்டது, அதைக் கிளப்பச் சொன்ன பதிவு மட்டும் பாக்கி நிற்கிறது. மஞ்சள் வரியைத் தேடி எடுத்தால் முடிந்தது.

இனி வைரஸ்டோட்டல். சுமார் 70 ஆன்டிவைரஸ் இன்ஜின்களில் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும் தளம். 2012-இலிருந்து கூகுளின் கையில். இதில் கடைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, ஃபைலை அப்படியே ஏற்றிவிடுவது. அங்கே ஏற்றிய ஃபைலைக் காசு கட்டும் வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொள்ள முடியும். ப்ரோகிராம் என்றால் பரவாயில்லை. தடைக்கால நிவாரண விண்ணப்பம், கீழக்கரைக்காரரின் விசா, பாஸ்போர்ட் ஸ்கேன் உள்ள பிடிஎஃப் என்றால் அது அடுத்தவர் சொத்து, ஏற்றக் கூடாது. ஹேஷை, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண்ணை மட்டும் தேடுங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையோடு ஃபைல் முகவரியைக் கொடுத்தால் 64 எழுத்தில் ஷா-256 எண் வரும். நெட்டை இணைத்தோ, வேறு கம்ப்யூட்டரிலோ அந்த எண்ணைத் தேடல் பெட்டியில் ஒட்டினால், அதே ஃபைலை உலகில் யாராவது முன்பே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும். ஆட்டோஇட் வழக்கில் ஆட்டோஇட்டின் ஹேஷைத் தேடிப் பயனில்லை என்று இப்போது புரியும். ஸ்கிரிப்டின் ஹேஷை எடுங்கள்.

முடிவைப் படிக்கத் தெரிய வேண்டும். நாற்பது இன்ஜின் சிவப்பு காட்டினால் பேச்சே இல்லை. கேள்விப்படாத இரண்டு மூன்று இன்ஜின் மட்டும் 'ஜெனரிக்', 'ஹ்யூரிஸ்டிக்' என்று மழுப்பலான பெயர் சொல்லி, ஃபைலும் ஐந்து வருடமாக உலாவுவது என்றால் பொய்யெச்சரிக்கையாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் வைக்கும் பெயரின் கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு எம்எல் என்று இருந்தால், அது இயந்திரக் கற்றலின் ஊகம். நேரடி அடையாளம் கண்டது அல்ல. எல்லாம் பச்சை என்றால் உடனே நம்பாமல் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் முதன்முதலில் ஏற்றிய தேதியைப் பாருங்கள். நேற்று வந்த ஃபைலுக்குப் பச்சை என்றால், இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அதற்கு ஓர் அர்த்தம். எண்ணே கிடைக்கவில்லை என்பதையும் சூழலோடு பார்க்க வேண்டும்: உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த பில்லிங் ப்ரோகிராம் என்றால் இயல்பு, உலகமே பயன்படுத்தும் பிரவுசரின் அப்டேட் என்று சொல்லிக்கொள்ளும் ஃபைலுக்கு எண் இல்லை என்றால் இயல்பே இல்லை.

தமிழ் டைப்பிங் மென்பொருள்களையும் இங்கே சொல்ல வேண்டும். எந்தச் சாவியை அழுத்தினாலும் கவனித்து எழுத்தாக மாற்றுவதுதான் அவற்றின் வேலை. பாஸ்வேர்ட் திருடும் கீலாகரும் அதையேதான் செய்கிறது. அதனால் சிறு நிறுவனமோ தனிநபரோ எழுதிய, கையொப்பம் இல்லாத டைப்பிங் ப்ரோகிராமை ஒன்றிரண்டு இன்ஜின் சந்தேகப்பட்டால் அதுவே தீர்ப்பு அல்ல. எங்கிருந்து இறக்கியது என்று பாருங்கள். பிரவுசரில் இறக்கிய ஃபைலுக்கு விண்டோஸ் 'ஸோன் ஐடென்டிஃபையர்' என்று ஒரு மறைவுக் குறிப்பு ஒட்டிவைக்கும். கெட்-கன்டென்ட் கட்டளையோடு ஃபைல் முகவரியும், 'ஸ்ட்ரீம்' என்று அந்தக் குறிப்பின் பெயரும் கொடுத்தால், பல நேரம் இறக்கிய தளத்தின் முழு முகவரியே வரும். எழுதியவரின் சொந்தத் தளமா, 'ஃப்ரீ டவுன்லோட்' கடையா என்று அங்கே தெரிந்துவிடும். பென்டிரைவ் வழியாக வந்த ஃபைலுக்கு இது உதவாது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் இந்தக் குறிப்பைத் தாங்காது.

நெட் பேச்சுக்கு வருவோம். ஆர்டி சர்வீஸ் விடுதலையாவது இங்கேதான். நெட்டைச் சிறிதுநேரம் இணைத்து, ரிசோர்ஸ் மானிட்டரில் 'நெட்வொர்க்' பக்கம், அதில் 'லிசனிங் போர்ட்ஸ்' பகுதியைத் திறங்கள். மந்த்ரா, மார்ஃபோ போன்ற கைரேகைக் கருவிகளின் ஆர்டி சர்வீஸ், ஆதார் ஆணையத்தின் விதிப்படி 11100 முதல் 11120 வரையிலான ஒரு போர்ட்டில் (நெட் பேச்சுக்கான எண்ணிட்ட வாசலில்) காத்திருக்கும். முகவரிக் காலத்தில் 'லூப்பேக்' என்று இருந்தால் இதே மெஷினுக்குள் இருக்கும் பிரவுசர் மட்டும்தான் அதனோடு பேச முடியும், வெளியிலிருந்து யாரும் வர முடியாது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் இடங்களில் 1585-இல் நிற்பது எம்சைனர், டிஜிட்டல் கையெழுத்துக்கு வேண்டியது. மண்டபம் பக்கம் மீன் கம்பெனி கணக்கு மெஷினில் 9000-ஐப் பிடித்திருப்பது அநேகமாக டேலி. போர்ட் எண்ணை மட்டும் பார்த்து நம்பிவிடாமல், அந்த ப்ராசஸின் முகவரியும் கையொப்பமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 'டிசிபி கனெக்ஷன்ஸ்' பகுதியில், நீங்கள் எதையும் திறக்காதபோதும் அடையாளம் தெரியாத ஒரு ப்ராசஸ் ஒரே வெளி முகவரியை விடாமல் பிடித்திருந்தால் அதுதான் சங்கதி. 3333, 4444 போன்ற எண்கள், உங்கள் மெஷினைத் திருட்டுத்தனமாக ஓட்டி கிரிப்டோ நாணயம் தோண்டும் கிரிப்டோ மைனர்களிடம் அடிக்கடி தென்படும்.

மைனர் என்றதும் "மெஷின் ஸ்லோ, ஃபேன் கத்துகிறது" என்று வருகிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நம் கரையில் அந்த அறிகுறிக்கு வைரஸைவிட உப்புக்காற்றே அதிகம் பொறுப்பு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் நுண்மணலும் உப்பும் சேர்ந்து ஹீட்சிங்கில் அடையாகப் படியும். ஃபேன் பேரிங் துருப்பிடிக்கும். ப்ராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் சிபியூ பத்து சதவீதத்தில் இருக்கும்போதே ஃபேன் கத்தினால் மூடியைக் கழற்றித் தூசியைப் பாருங்கள். ஒரு நுணுக்கம்: சில மைனர்கள் டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்கிவிடும், மூடியதும் ஆரம்பிக்கும். திறந்த நொடியில் ஃபேன் சத்தம் இறங்கி, மூடியதும் ஏறினால் அது தூசி அல்ல.

பென்டிரைவ் ஷார்ட்கட்டைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். முதலில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்யுங்கள், டீடெயில்ஸ் வரிசைக்கு மாற்றுங்கள். 'டைப்' காலம் எதையும் ஒளிக்காது. ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு டைப்பில் 'அப்ளிகேஷன்' என்று இருந்தால் அது ஃபோல்டர் இல்லை. நிஜ ஃபோல்டருக்கு 'சைஸ்' காலம் காலியாக இருக்கும். போலிக்கு எத்தனையோ கேபி என்று எண் நிற்கும், எல்லாப் போலிக்கும் அநேகமாக அதே எண். ஷார்ட்கட் என்றால் டபுள் கிளிக் செய்யாமல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், 'டார்கெட்' பெட்டி. ஃபோல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட், ஆட்டோஇட் என்று ஆரம்பித்தால் அதுதான் பரப்புகிற கை. கர்சரை அந்தப் பெட்டியின் கடைசிவரை நகர்த்துங்கள்: நடுவே வெற்றிடத்தை நிரப்பிக் கட்டளையை வலப்புறம் தள்ளி ஒளிப்பது பழைய தந்திரம். அந்தப் பெட்டி முதல் 260 எழுத்தைத்தான் காட்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வாடிக்கையாளரின் நிஜ ஃபைல்கள் போகவில்லை, மறைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. 'சிஸ்டம்' முத்திரையும் குத்தியிருப்பதால் ப்ராப்பர்டீஸில் 'ஹிடன்' டிக் எடுக்க முடியாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும். கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளையில் மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ் கொடுத்து, சாய்கோடு எஸ், சாய்கோடு டி சேர்த்து அந்த டிரைவில் ஓட்டினால் எல்லாம் வெளியே வரும். ஆனால் கடை மெஷினில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை பென்டிரைவைச் சுத்தம் செய்வது வீண்வேலை. செருகிய நொடியில் மறுபடி எழுதிவிடும்.

ஆன்டிவைரஸ் ஏன் பேசவில்லை என்றும் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. சி டிரைவ் முழுதுமோ ஆப்டேட்டாவோ அங்கே விலக்கப்பட்டிருந்தால், நீங்கள் போடவில்லை என்றால், வேறொருவர் போட்டிருக்கிறார். சொந்தக் கடை மெஷினில் "சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வந்தாலும் அதே சந்தேகம். காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கருவிகள் இந்த வேலையைச் செய்யும். "டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்டு" என்று அறிவுரையோடு வரும் ஃபைல், டிஃபெண்டர் அணைந்த பிறகு என்னென்ன கொண்டுவந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் டிஜேவு வகை ரான்சம்வேர் முக்கியமாகப் பரவியதே இப்படிப்பட்ட கிராக் ஃபைல்கள் வழியாகத்தான்.

தூரத்திலிருந்து மெஷினை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வைரஸ் அல்ல, பெரும்பாலும் ஸ்கேனில் பிடிபடாது. கருவி சர்வீஸுக்கு ஆள் ரிமோட்டில் வந்தபோது போட்டதா என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல், ஸ்டார்ட்அப்பில், பாஸ்வேர்ட் வைத்து ஓடினால் அது வைரஸைவிட மோசம். எதிர்முனையில் ஆளே உட்கார்ந்திருக்கிறான். இந்த வகை மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-இலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு ஃபைல் இரண்டுங்கெட்டானாக நிற்கலாம். அப்போது மெஷின் எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து முடிவெடுங்கள். பிள்ளைகள் விளையாடும் வீட்டு லேப்டாப் என்றால் ஆட்டோரன்ஸில் டிக்கை எடுத்துவிட்டு ஒரு வாரம் கவனிக்கலாம். ஊரார் ஆதார், பேங்க் பாஸ்புக், கைரேகை வந்துபோகும் மெஷினில் வாரக்கணக்கில் துப்பறிந்துகொண்டிருக்கக் கூடாது. ஷார்ட்கட் வைரஸ் உறுதியான உங்கள் மெஷினுக்கு என் தீர்ப்பு: சுத்தம் செய்து சமாளிக்காமல் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். கண்ணில் பட்டது ஆட்டோஇட். கூடவே வேறு எது வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால்: ஜோடியாக ஓடும் ப்ராசஸ்களை ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் முதலில் 'சஸ்பென்ட்' செய்து, இரண்டும் உறைந்த பிறகு 'கில்' செய்யுங்கள், ஆட்டோரன்ஸில் அவற்றின் டிக்கை எடுங்கள், எக்ஸ்க்ளூஷன்களை நீக்கி, டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' போடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே ஸ்கேன் நடக்கும். கால் மணி நேரம்போல் பிடிக்கும். இன்னொரு கருத்து வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இறக்கி 10 நாளில் காலாவதியாகும், பழைய பிரதியை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசக் கருவிகள் இருக்கின்றன.

புதிதாகப் போடும்போது: சுத்தமான வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மெஷின் தாங்கினால் 11-க்குப் போய்விடுங்கள். சி டிரைவை ஃபார்மேட் செய்தால் போதும் என்று டி டிரைவை அப்படியே விட்டால், அங்கே ஃபோல்டர் படம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஃபைலை முதல் வாரத்திலேயே யாராவது டபுள் கிளிக் செய்வார்கள். டி-யைத் திறப்பதற்கு முன் முழு ஸ்கேன். பாஸ்வேர்டுகளை இன்னொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்; 'எல்லா இடத்திலும் சைன் அவுட்' என்பதையும் அழுத்துங்கள், ஏனென்றால் குக்கியை (பிரவுசர் சேமித்துவைக்கும் லாகின் அடையாளத்தை) திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

அன்றாட வேலைக்கு அட்மின் இல்லாத தனி அக்கவுன்ட் வையுங்கள். ஆட்டோபிளேயை அணையுங்கள். விபிஎஸ், ஜேஎஸ் ஃபைல்களைத் திறக்கும் ப்ரோகிராமாக நோட்பேடை வைத்துவிட்டால், யாராவது தவறிக் கிளிக் செய்தாலும் ஸ்கிரிப்ட் ஓடாது, எழுத்தாகத் திறக்கும். கடையில் பழைய மெஷின் சும்மா கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டு, வரும் பென்டிரைவ்களை அங்கே மட்டும் திறந்து, பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப்பை மட்டும் நகர்த்துங்கள். விண்டோஸுக்கு எழுதிய ஷார்ட்கட் வைரஸ் அங்கே வெறும் ஃபைலாகத்தான் கிடக்கும்.